பெரட்டுக்கு வராதவர்கள்

செப்டம்பர் பிறந்தாலே எங்கள் அச்சகத்துக்குத் தீபாவளி வந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து பேனருக்கான கோப்பு மின்னஞ்சலில் வரும். திறக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஒரு மயில், ஒரு கோலம், ஒரு குத்துவிளக்கு, பட்டுச் சேலையில் சிவந்த மேனி அம்மா, ஜிப்பா போட்ட அப்பா, முறுக்குத் தட்டோடு ஒரு பெண் பிள்ளை. கீழே ஒரு வரி தமிழ். அந்த வரியில்தான் எனக்கு வருடா வருடம் தலைவலி. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி வேறொரு எழுத்தின் தலையில். வடிவமைப்பவர் கணினியில் தமிழ் எழுத்துரு சரியாக ஏறாமல் அப்படி ஆகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியாது. பார்ப்பவர்களுக்குத் தெரியுமே என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

ஒரு வருடம் மனசு கேட்காமல் நானே எழுத்தைச் சரி செய்து அச்சடித்து அனுப்பினேன். அனுமதி வாங்கிய படத்தில் கை வைத்தீர்கள் என்று பில்லில் பணம் பிடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் கொம்பு பறந்தபடியே அச்சடித்தேன். பணம் முழுதாக வந்தது.

கெடாவில், அலோர் ஸ்டார் மெர்கோங்கில் இருந்துகொண்டு விளம்பர உலகத்தைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான். ஆனால் இருபது வருடமாக இந்தக் கோப்புகளைத் திறந்து மூடுகிறவனுக்கு ஒரு கேள்வி வராமல் இருக்காது. மலேசியத் தமிழரிடம் விற்க வருகிறவர்கள் நம்மை யார் என்று நினைக்கிறார்கள்? அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது?

அலோர் ஸ்டாரைச் சுற்றி வயல்தான். ரப்பர் தோட்டங்கள் தெற்கே சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கமும், தென்கிழக்கே பாலிங் பக்கமும் இருந்தன. என் பெற்றோர் அந்தத் தெற்குத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பேர் போடுவார். பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. காய்ச்சலில் லயத்து வரிசை வீட்டில் படுத்திருப்பவரும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பின்தங்கியவரும் அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அன்றைக்கு உலகத்தில் இல்லை. ஊடக நிறுவனங்களின் நேயர் கணக்கைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வருகிறது. எண்ணுகிறவனுக்கு எது தேவையோ அது மட்டும் அதில் ஏறும்.

தோட்டத்துக்குள் ஒலியையும் படத்தையும் கொண்டுவந்தது அரசாங்கம். 1946இல் தொடங்கிய மலாயா வானொலியில் தமிழுக்கும் ஒரு பிரிவு இருந்தது. அதே ஆண்டு பிறந்த மலாயா பிலிம் யூனிட் எடுத்த படங்களைத் தகவல் இலாகா வண்டிகள் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டின. பிறகு வந்தது கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலம். தோட்டத் தமிழன் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வண்டிகளின் வேலை. பிறகு அதே திடலில் வேட்டித் துணி கட்டிப் படம் காட்ட வியாபார வண்டிகளும் வந்தன. கதை உச்சத்தில் இருக்கும்போது படத்தை நிறுத்திவிட்டு டானிக் விற்பார்கள். வாங்கும் கை ஓய்ந்த பிறகுதான் அடுத்த ரீல் ஓடும். நேயரின் ஆவலை நிறுத்தி வைத்து அந்த இடைவெளியை விற்பது என்பது நேற்று முளைத்த தந்திரம் இல்லை.

பத்திரிகைகளின் கதை வேறு. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் வாசகனை வாங்குகிறவனாக மட்டும் பார்க்கவில்லை. 1950இல் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்தியது. சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையே பாடம் எடுத்தது. முரசு மாணவர் மணிமன்றம் வைத்துப் பிள்ளைகளை எழுத வைத்தது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் வரிசையில் ஒரு முழுத் தலைமுறை இந்த இரண்டு வாசலில் நுழைந்ததுதான். இதை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. அந்தப் பத்திரிகைகளுக்கும் விளம்பரம் வேண்டியிருந்தது, கட்சிச் சார்பும் இருந்தது. ஆனால் வாசகன் எழுதி அனுப்பினால் அதை ஒருவர் படித்தார். அவன் யார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. நின்ற அன்று எங்கள் கடைக்கு வந்த ஒரு பெரியவர், இனி மரண அறிவிப்பை எங்கே பார்ப்பது என்று கேட்டார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து மலேசியத் தமிழ்ப் பத்திரிகையில் அதிகம் படிக்கப்பட்ட பக்கம் அதுதான்.

பெரிய திருப்பம் 1996இல் வந்தது. மியாசாட் துணைக்கோள் மேலே போனது, ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி பிறந்தது. அதன் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த இலங்கைத் தமிழ் வம்சாவளி, 2024 நவம்பரில் மறைந்தார். மலேசியத் தமிழரை ஒரு சந்தையாக மொத்தமாகத் திரட்டிக் காட்டிய முதல் நிறுவனம் ஒரு தமிழருடையது என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். வானவில் அலைவரிசை வந்தது, சன் டிவி வந்தது, பிறகு விண்மீன் வந்தது.

ஆஸ்ட்ரோ வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த காலம் அது. 1980க்கும் 2000க்கும் இடையில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கெடாவில் அவர்கள் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளுக்கும் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் இந்த மெர்கோங்குக்கும் வந்தார்கள். லயத்தில் வாசலில் உட்கார்ந்தால் நாற்பது குடும்பம் கண்ணில் படும். டவுனில் மலிவு விலை அடுக்கு மாடியில் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. அந்த வெறுமையில் சாயங்காலம் ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு மாமியார் வந்து மருமகளைத் திட்டினாள். அம்மாவுக்குத் துணை கிடைத்தது. வாடகை, மின்கட்டணம் பாக்கி நின்ற மாதங்களிலும் எங்கள் வீட்டில் ஆஸ்ட்ரோ கட்டணம் பாக்கி நின்றதில்லை. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் தோட்டம் உடைந்த வீடுகளுக்குள் வந்து பார்க்காதவர்கள்.

ஆனால் நிறுவனம் அதிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டது. தமிழர் என்றால் குடும்பம், குடும்பம் என்றால் அம்மா, அம்மா என்றால் சீரியல். சென்னையில் ஏற்கெனவே எடுத்து முடித்த சரக்கை வாங்கிப் போடுவது, உள்ளூரில் எழுதி எடுப்பதைவிட மலிவு. உள்ளூர் நிகழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. விழுதுகள், சூப்பர் ஸ்டார், யுத்தமேடை எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் வந்தார்கள். ஆனாலும் மாலையின் முக்கிய நேரத்தில் நாட்டாமை சென்னை சரக்குக்குத்தான்.

இதே கதையை உலகத்தின் மறுகோடியில் அப்படியே பார்க்கலாம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர் 2020 கணக்கெடுப்பில் 6 கோடியே 21 லட்சம் பேர். அவர்களுக்கான பெரிய தொலைக்காட்சியான யூனிவிஷன் நெடுங்காலம் மெக்சிகோவின் டெலிவிசா நிறுவனத்துத் தொடர்களை வைத்துத்தான் வண்டி ஓட்டியது. அவர்களுக்கு மெக்சிகோ நகரம், நமக்குக் கோடம்பாக்கம். அங்கேயும் மாமியார், சொத்து, தொலைந்த குழந்தை.

அதைவிடச் சுவையான விஷயம் பெயரில் இருக்கிறது. கியூபாக்காரர், புவேர்ட்டோ ரிக்கோக்காரர், மெக்சிகோக்காரர் ஆகியோர் ஒருவரை ஒருவர் உறவென்று நினைத்தவர்கள் இல்லை. 1980 கணக்கெடுப்பில்தான் 'ஹிஸ்பானிக்' என்ற ஒரே கட்டம் எல்லா வீட்டுப் படிவத்துக்கும் வந்தது. அந்தக் கட்டத்தை உரிமை கேட்ட இயக்கங்களும் கணக்கெடுப்பு அதிகாரிகளும் தொலைக்காட்சி முதலாளிகளும் கைகோத்து நிலைநிறுத்தினார்கள் என்று சமூகவியலாளர் கிறிஸ்டினா மோரா 2014இல் ஒரு முழுப் புத்தகம் எழுதிக் காட்டினார். முதலாளிகளுக்கு அதில் என்ன லாபம்? சிறுசிறு கூட்டங்களாக இருந்தால் விளம்பரதாரர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரே பெயரில் கோடிக்கணக்கில் காட்டினால் பார்ப்பார். ஆர்லீன் டாவிலா என்ற மானுடவியலாளர் அதற்கு முன்பே, 2001இல், நியூயார்க் விளம்பர அலுவலகங்களுக்குள் போய், அங்கே விற்கப்படும் 'லத்தீனோ' எப்படிப்பட்டவர் என்று எழுதினார். குடும்பப் பற்று, மதப் பற்று, வாங்கிய பிராண்டை விடாத விசுவாசம். எனக்கு வரும் கோப்பில் இருக்கிற குடும்பத்துக்குச் சேலை மட்டும்தான் வித்தியாசம்.

மலேசியாவில் அந்தக் கட்டத்தின் பெயர் 'இந்தியர்'. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் 6.7 விழுக்காடு, ஏறத்தாழ 20 லட்சம் பேர். இதற்குள் தமிழர், மலையாளி, தெலுங்கர், பஞ்சாபியர், இலங்கைத் தமிழர் எல்லாரும் அடக்கம். ஊடகம் அந்தப் பெட்டியைத் தமிழால் நிரப்பிவிட்டது. எண்ணிக்கையில் தமிழர் அதிகம் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பெட்டிக்கு வெளியே விழுந்தவர்களையும் பாருங்கள். அலோர் ஸ்டார், பினாங்கு பக்கம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். நாசி கண்டார் கடையில் தமிழ்ப் பாட்டு ஓடுகிறது, கல்லாவில் தமிழில் கணக்குச் சொல்கிறார்கள். விளம்பரதாரர் கணக்கில் அவர்களுக்கு நோன்புப் பெருநாளில் மலாய் விளம்பரம் போதும், தீபாவளிப் பேனரில் அவர்களுக்கு இடமில்லை. தமிழ் கேட்கும் மலாய்க்காரர் கதையும் அப்படியே. அரசாங்கத்தின் தொலைக்காட்சி இரண்டில் மலாய் எழுத்தோட்டத்துடன் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த மலாய்க்காரர் கெடாவில் வீதிக்கு வீதி உண்டு. அதைத் திரைப்பட வியாபாரிகள் மட்டும் புரிந்துகொண்டார்கள். 2016இல் கபாலியை மலாயில் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். மலேசியப் பிரதியின் முடிவில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரியும் சேர்ந்தது. நம்மை வைத்து எடுத்த கதைக்கே நமக்கென்று ஒரு தனி முடிவு.

நிறம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2007இல் தகவல் அமைச்சராக இருந்த ஜைனுடின் மைடின், விளம்பரங்களில் எந்த இனம் என்று சொல்ல முடியாத கலப்பு முகங்களே நிறைந்திருப்பதாகக் குறை கூறினார். காரணம் எளிது. ஒரே முகத்தை வைத்து மூன்று இனத்துக்கும் விற்றால் மூன்று படப்பிடிப்புச் செலவு மிச்சம். அந்த முகம் எப்போதும் வெளிர் நிறம். 2017இல் வாட்சன்ஸ் கடை நிறுவனம் ஒரு பெருநாள் விளம்பரத்தில் நடிகையின் முகத்தில் கறுப்பு பூசி, பிறகு அதைக் கழுவி அழகியாக்கிக் காட்டியது. கண்டனம் எழுந்து மன்னிப்புக் கேட்டது. அந்த விளம்பரம் தமிழருக்காக எடுத்தது இல்லை, அதனால்தான் இங்கே சொல்கிறேன். தமிழரை நினைக்காதபோதும் தமிழர் தோலைப் பற்றி ஒரு கருத்து இருந்திருக்கிறது. நல்லதும் உண்டு. 2009இல் மறைந்த இயக்குநர் யாஸ்மின் அகமது பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக எடுத்த பண்டிகைப் படங்களை இன்னும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். அவற்றில் எண்ணெய் விற்கவில்லை, மனிதர் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பண்டிகைக் குறும்படங்களில் பல, அழ வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எடுத்தவை.

இனி எண்ணும் முறைக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் 2010களில் டெகோடர் பெட்டியின் வழியே யார் எதைப் பார்க்கிறார் என்று கணக்கெடுக்கும் ஏற்பாட்டை ஆஸ்ட்ரோ கந்தார் மீடியா ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து கொண்டுவந்தது. துல்லியமான ஏற்பாடுதான். ஆனால் பெட்டி இருக்கும் வீட்டைத்தான் அது எண்ணும். கட்டணம் கட்ட முடியாமல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர், கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் பார்க்கும் பிள்ளை, இருவரும் பெரட்டுக்கு வராதவர்கள். வானொலிக்கு ஜிஎப்கே நிறுவனம் நாட்குறிப்பு முறையில் கணக்கெடுக்கிறது. எந்த நேரம் எந்த நிலையம் கேட்டீர்கள் என்று ஒரு வாரத்துக்கு நேயரே குறித்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி ஆஸ்ட்ரோவின் ராகா வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நேயர்களைக் காட்டுகிறது. நாட்டில் இந்தியர் மொத்தமே 20 லட்சம் என்பதை வைத்துப் பார்த்தால் இது அசுர எண். அரசாங்கத்தின் மின்னல், அதாவது பழைய ரேடியோ ஆறு, இதற்கு அடுத்து நிற்கிறது. இரண்டு கடைதான் இருக்கிற ஊரில் கூட்டம் எங்கே போகும்? விரும்பிக் கேட்கிறார்களா, வேறு வழியில்லாமல் கேட்கிறார்களா என்ற கேள்விக்கு நாட்குறிப்பில் கட்டம் கிடையாது.

சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியும் வசந்தம் தொலைக்காட்சியும் அரசு ஆதரவில் நடக்கின்றன. அங்கே விளம்பரக் கணக்கு மட்டும் எஜமான் இல்லை, தமிழ் ஆட்சி மொழி என்ற பொறுப்பும் கூடவே நிற்கிறது. நமக்கு அந்தச் சட்டம் இல்லாததால் சந்தைதான் சட்டம்.

மொழிதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துவது. அமெரிக்க ஸ்பானியத் தொலைக்காட்சியில் எந்த நாட்டு வாடையும் இல்லாத நடுநிலை உச்சரிப்பைத் தேடினார்கள். இங்கே இரண்டு வகைத் தமிழ் கிடைக்கிறது. ஒன்று இஸ்திரி போட்ட செய்தித் தமிழ். மற்றொன்று ஆங்கிலம் தூவிய கோலாலம்பூர்த் தமிழ். மெர்கோங்கில் என் அக்காள் மகன் பேசுவது இரண்டும் இல்லை. “ஹங் பசியாறிட்டியா? அவாட் இன்னும் பீ பண்ணல?” என்பான். ஹங் (நீ), அவாட் (ஏன்), பீ (போ) மூன்றும் கெடா மலாய். தோட்டத்திலிருந்து வந்த பசியாறல் நடுவில் நிற்கிறது. இந்தத் தமிழில் எந்த நிறுவனமும் இதுவரை ஒரு சோப்பு விற்றதில்லை.

இந்தத் தமிழ் கலைக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டோம். யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வல்லவன் என்ற ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது அந்தத் துள்ளல் சென்னைக்கே போனது. தீபக் குமரன் மேனன் 2005இல் செம்மண் சாலை படத்தில் தோட்டத்தைத் தோட்டமாகவே காட்டினார். சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் 2015இல் வந்தது. தலைப்பே மலாய் 'ஜாஹாட்' நம் வாயில் உருண்ட வடிவம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பையன் ஒருவனைப் பற்றிய படம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் நிறுத்தப் பார்த்தார்கள். பெரிய சர்ச்சைக்குப் பிறகு விதி மாறி, சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. 2018இல் விமலா பெருமாளின் வெடிகுண்டு பசங்க கூட்டத்தைத் திரையரங்குக்கு இழுத்தது.  சந்தை இல்லை என்று சொன்னவர்கள் அந்த வாரம் டிக்கெட் வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் இந்த வெற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிலாகத் திரளவில்லை. ஒவ்வொரு முறையும் இயக்குநர் முதலிலிருந்து கடன் கேட்கத் தொடங்குகிறார்.

இளையவர்களைப் பிடிக்க அமெரிக்காவில் ஏபிசியும் யூனிவிஷனும் சேர்ந்து 2013இல் பியூஷன் என்று ஆங்கிலத்தில் ஓர் அலைவரிசை தொடங்கினார்கள், 2021 முடிவில் அது மூடப்பட்டது. வம்சாவளி என்ற ஒன்றை வைத்து இளையவர்களை ஒரே அறையில் உட்கார வைக்க முடியவில்லை. இங்கே ஆஸ்ட்ரோ உலகம், வணக்கம் மலேசியா, செல்லியல் என்று இணையத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் அவற்றையும் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

அவர்கள் நிற்கும் இடத்தை எங்கள் தெருவில் பார்க்கலாம். எங்கள் அச்சகத்துக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை. அங்கே காலையில் தோசையும் மாலையில் வடையும் போடும் பெண்மணி பேனர் அடிக்க என்னிடம் வந்ததே இல்லை. அவர் மகள் கைப்பேசியை மாவுப் பானை மேல் சாய்த்து வைத்து, அம்மா வடை திருப்பும்போது அம்மாவோடு சண்டை போடுகிறாள். கேட்பதெல்லாம் சட்னி ஏன் தண்ணியாக இருக்கிறது போன்ற கேள்விகள். அம்மா கரண்டியை ஓங்குகிறார். தமிழும் கெடா மலாயும் கலந்த அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு ஜித்ராவிலிருந்து மலாய்க் குடும்பங்களும் வண்டி பிடித்து வருகின்றன. நாலரை மணிக்கு வடை தீர்ந்துவிடுகிறது. மயில் இல்லை, கோலம் இல்லை, சிவந்த மேனியும் இல்லை.

போன வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கெடுப்புக்காரப் பையன் வந்தான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். மலாயில் பேசினான், நல்ல பிள்ளை. இனம் என்ற இடத்தில் கேட்காமலே குறித்துக்கொண்டு, அம்மாவிடம் நேற்று எத்தனை மணி நேரம் வானொலி கேட்டீர்கள் என்றான். நான் தமிழில் சொன்னேன். அடுப்படியில் அந்த நேரத்திலும் வானொலி பாடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா இறந்த நாளிலிருந்து அதை யாரும் அணைத்ததில்லை.

“கேக்கலையேப்பா,” என்றார் அம்மா. “அது பாட்டுக்கு ஓடுது.”

நான் அதை மலாயில் சொன்னேன். பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தான். பிறகு இருபத்து நான்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.